வேடந்தாங்கல் பறவைகள் எங்கே சாப்பிடுகின்றன?

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நின்றால் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பக் காதில் விழும்: "இதெல்லாம் சைபீரியாவிலேருந்து வருது." அப்பா பிள்ளையிடம் சொல்வார். ஆசிரியர் வரிசையில் நிற்கும் மாணவர்களிடம் சொல்வார். சீசன் தொடங்கியதும் பத்திரிகைகளும் 'வெளிநாட்டுப் பறவைகள் குவிந்தன' என்று தலைப்புப் போட்டுவிடும். எதிரே நீர்க்கடம்பு மர உச்சியில் குச்சிக் கூட்டின்மேல் நின்று குஞ்சுக்கு இரை கக்கிக்கொண்டிருக்கும் மஞ்சள்மூக்கு நாரைக்கு இது தெரியாது. அது பிறந்ததும் வளர்ந்ததும் இந்தத் தென்னாட்டு ஏரிகளில்தான்.

சைபீரியா வரையிலும் போய்வரும் பறவைகள் வேடந்தாங்கலுக்கு வரத்தான் செய்கின்றன. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து முதலியவை வடக்கே பனி இறங்கும்போது இங்கே வந்து, நீரில் மிதந்து மேய்ந்து, வெயில் ஏறியதும் திரும்பிவிடும். அவை இங்கே கூடு கட்டுவதில்லை. ஒரு பறவை எங்கே குஞ்சு பொரிக்கிறதோ அதைத்தான் அதன் சொந்த ஊர் என்று சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் வேடந்தாங்கலின் மரங்களை நிறைக்கும் நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், கூழைக்கடா, பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, கொக்கு எல்லாம் நம் பறவைகள். மழை எங்கே பெய்திருக்கிறது, எந்த ஏரியில் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து இடம் மாறுபவை. ஒரு வருஷம் இங்கே, மறு வருஷம் வேறொரு ஏரியில். மழை பொய்த்தால் வேடந்தாங்கலில் கூடே இருக்காது.

இந்தத் திருத்தத்தை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், விருந்தாளிக்கும் வீட்டுக்காரருக்கும் நாம் செய்ய வேண்டியது வேறு வேறு. விருந்தாளிக்குத் தங்க இடம் போதும். இங்கேயே குடும்பம் நடத்துகிறவருக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு வேண்டும்.

வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர். அதாவது 74 ஏக்கர். செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிகளோடு ஒப்பிட்டால் சின்ன ஏரி. பருவத்தில் ஆயிரக்கணக்கான பறவைகள் அங்கே குஞ்சுகளோடு இருக்கின்றன. அத்தனைக்கும் மீனும் தவளையும் நத்தையும் அந்த 74 ஏக்கரில் கிடைத்துவிடுமா? கிடைக்காது. கரையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தாலே புரிந்துவிடும். காலையில் கூட்டம் கூட்டமாக நாலா திசைக்கும் கிளம்பிப் போகின்றன, இரையோடு திரும்புகின்றன, மறுபடி கிளம்புகின்றன. ஏரிக்குள் இறங்கி மேய்பவை கொஞ்சம்தான்.

அப்படியானால் இந்த ஏரியை ஏன் தேர்ந்தெடுத்தன? தண்ணீருக்குள் நிற்கும் மரங்களுக்காக. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும்போது நீர்க்கடம்பு மரங்கள் இடுப்பளவோ அதற்கு மேலோ மூழ்கி நிற்கும். பெரும்பாலான மரங்கள் இப்படி மாதக்கணக்கில் வேர் முங்கிக் கிடந்தால் அழுகிப் போகும், நீர்க்கடம்பு தாங்கும். மரத்தைச் சுற்றி நீர் இருக்கும்வரை நரியும் காட்டுப்பூனையும் கூட்டுக்கு வருவது கடினம். மனிதரும் சுலபமாக ஏற முடியாது. குஞ்சுகள் பறக்கும் முன்பே ஏரி வற்றிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

பாதுகாப்பு பாதிக் கதைதான். மீதி, காலக்கணக்கு. நாரைகள் முட்டையிடத் தொடங்கும்போது சுற்றுவட்டார ஏரிகள் எல்லாம் தளும்பிக்கொண்டிருக்கும். கால் நீண்ட பறவைக்கு அது நல்ல மேய்ச்சல் நிலம் இல்லை. தண்ணீர் ஆழம், மீன்கள் சிதறிக் கிடக்கும். ஜனவரி, பிப்ரவரியில் குஞ்சுகள் ஓயாமல் வாய் பிளக்கும் நேரத்தில்தான் ஏரிகளும் குட்டைகளும் சுருங்கத் தொடங்குகின்றன. மழைக்காலத்தில் பெருகிய மீன் எல்லாம் முழங்காலளவு நீரில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மஞ்சள்மூக்கு நாரை மீனைக் கண்ணால் தேடுவதைவிட அலகின் தொடு உணர்வை நம்பி வேட்டையாடுகிறது. அலகைச் சற்றே திறந்தபடி தண்ணீருக்குள் விட்டு நடக்கும். மீன் தொட்டதும் அலகு மூடிக்கொள்ளும். இந்த உத்தி பலிக்க மீன் நெருக்கமாக இருந்தாக வேண்டும். அதனால் இந்தப் பறவைகளின் நாட்காட்டியில் பொன்னான மாதம், ஏரி நிறையும் மாதம் அன்று, குறைகிற மாதம்.

ஒரே மரத்தில் பலவகைப் பறவைகள் சண்டை போடாமல் குடியிருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு. சண்டை இருக்கிறது, கூட்டுக்குச்சி திருட்டு தாராளமாக நடக்கிறது. ஆனால் சோற்றுச் சண்டை பெரிதாக இல்லை. கரண்டிவாயன் தட்டை அலகை இடமும் வலமுமாகத் துழாவிச் சின்ன உயிர்களைப் பிடிக்கிறது. அரிவாள்மூக்கன் வளைந்த அலகைச் சேற்றில் குத்தித் தேடுகிறது. பாம்புத்தாரா நீருக்கடியில் நீந்திப்போய் மீனைக் குத்துகிறது. கூழைக்கடா பையால் அள்ளுகிறது. வக்கா எல்லாரும் வீடு திரும்பும் நேரத்தில் ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்புகிறது.

இவற்றில் நத்தைகுத்தி நாரையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வளர்ந்த பறவையின் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது கிடையாது. வளர வளர உண்டாகிறது. பார்வைக்குப் பாக்குவெட்டி. அதனால் நத்தை ஓட்டை இடையில் வைத்து நொறுக்குகிறது என்றே பலரும் எண்ணினார்கள். புகழ்பெற்ற உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லியும் 1960இல் அதை ஆராய்ந்து அந்த முடிவுக்கே வந்தார். பின்னால் பறவை சாப்பிடுவதை நேரில் கவனித்தவர்கள் அப்படி இல்லை என்று காட்டினார்கள். மேலலகால் நத்தையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கத்தி போன்ற கீழலகின் நுனியை ஓட்டின் வாய்க்குள் செலுத்தி, சதை ஓட்டோடு ஒட்டியிருக்கும் தசையை அறுத்து, சதையை முழுசாக உருவி எடுக்கிறது. கீழலகின் நுனி பல பறவைகளில் சற்றே வலப்பக்கம் திரும்பியிருக்கும். இத்தனையும் பெரும்பாலும் தண்ணீருக்கடியில், கண்ணுக்குத் தெரியாமல், சில நொடிகளில் நடந்து முடிகிறது. சிறு நத்தைகளை அப்படியே விழுங்குவதும் உண்டு. வேடந்தாங்கல் பக்கத்து வரப்புகளில் நடந்தால் உடையாத வெற்று ஓடு கிடக்கும்; கையில் எடுத்துப் பாருங்கள். மூடியும் இல்லை, சதையும் இல்லை, ஓட்டில் கீறல்கூட இல்லை என்றால் நாரை சாப்பிட்டுவிட்டுப் போன எச்சமாக இருக்கலாம். வயல்நத்தை நெல் நாற்றைக் கடிக்கும் என்பதால் இதில் விவசாயிக்கும் லாபம்.

விவசாயிக்கு அதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருந்தது. பறவைக்கு நம்மைப்போல் தனியாகச் சிறுநீர் கிடையாது. கழிவு நைட்ரஜனை யூரிக் அமிலமாக மாற்றி வெள்ளைக் கூழாக வெளியேற்றும். சாப்பிட்ட மீனின் எலும்பிலிருந்து பாஸ்பரஸும் எச்சத்தில் சேரும். மரத்தடியில் விழுந்த எச்சத்தை ஏரியின் நுண்ணுயிர்கள் சிதைக்க, நைட்ரஜன் அம்மோனியாவாகவும் நைட்ரேட்டாகவும் மாறி நீரில் கரைகிறது. பல கிலோமீட்டர் சுற்றளவிலுள்ள குட்டை, வாய்க்கால், வயல்களில் சிதறிக் கிடந்த சத்து, பறவை வயிற்றின் வழியாக ஒரே ஏரிக்கு வந்து சேருகிறது. மதகைத் திறந்தால் அது ஆயக்கட்டு முழுக்கப் பாய்கிறது. திறக்காமல் தேங்கவிட்டால் இதே சத்து பாசியைப் பெருக்கி, நீரின் ஆக்சிஜனைக் குறைத்துவிடும். ஆக, ஏரியைப் பறவைகள் கெடுக்காமல் காப்பாற்றியதே விவசாயம்தான். எச்சம் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் மரங்களும் பட்டுப்போகும். அதனால்தான் வனத்துறை அவ்வப்போது புது மரங்கள் நட வேண்டியிருக்கிறது.

ரசாயனச் சமன்பாடு தெரியாமலே இந்த ஊர்க்காரர்கள் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டுத் தள்ளியபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேசிடம் போய் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று 1798இல் கவுல் (உரிமைப் பத்திரம்) எழுதி வாங்கினார்கள். 1858இல் அது மறுபடி உறுதி செய்யப்பட்டது. உலகின் முதல் தேசியப் பூங்கா என்று சொல்லப்படும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் 1872இல்தான் வந்தது. இதைப் 'பறவை நேசம்' என்று மட்டும் சொல்லி உருகுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. நேசமும் இருந்திருக்கும். ஆனால் அடியில் ஒரு நல்ல பேரம் இருந்தது: நீ என் மரத்தில் தங்கிக்கொள், என் வயலுக்கு உரம் போடு. பேரம் இருந்ததால்தான் அது தலைமுறை தலைமுறையாக நிலைத்தது.

இன்று அந்தப் பேரத்தின் ஒரு கால் ஆடுகிறது. யூரியா மூட்டை கடையில் கிடைக்கிறது. கிணறும் ஆழ்துளைக் கிணறும் வந்தபின் மதகுத் தண்ணீரை மட்டுமே நம்பியிருப்போர் குறைவு. பறவை எச்சத்தால் விளைச்சல் கூடுகிறது என்பது பெரியவர்கள் சொல்லும் பேச்சாக மாறிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் சட்டம் வந்து நிற்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1998இல் ஏரியை மையமாக வைத்து 5 கிலோமீட்டர் ஆரத்துக்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் வேடந்தாங்கல் இடம்பெற்றது. பக்கத்துக் கரிக்கிலியும் கூடவே சேர்ந்தது.

அந்த 5 கிலோமீட்டரை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 78 சதுர கிலோமீட்டர். ஏரியைப் போல 260 மடங்கு. உள்ளே ஊர்கள், நெல் வயல்கள், சிற்றேரிகள், தொழிற்சாலைகள், எல்லாம் இருக்கின்றன. பார்க்க வருகிறவர் மனத்தில் சரணாலயம் என்பது கரையும் பறவை பார்க்கும் கோபுரமும் எதிரிலுள்ள மரங்களும்தான். சட்டப்படியோ, அவர் காரில் கடந்து வந்த வயல்வெளியும் சரணாலயம். 2020இல் இந்த ஆரத்தை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை எழுந்து பலத்த எதிர்ப்பைச் சந்தித்தது. குறைக்கலாம் என்றவர்களின் வாதத்தில், பறவைகள் இருப்பது ஏரியில்தானே, வெளி வட்டத்தில் என்ன இருக்கிறது என்ற தொனி இருந்தது. வெளி வட்டத்தில் இருப்பது சாப்பாடு. தூங்கும் அறையை வைத்துக்கொண்டு அடுப்படியை விற்கிற வீட்டில் யார் குடியிருப்பார்கள்?

பறவைச் சரணாலயத்தை இயற்கைப் பள்ளிக்கூடமாக்குவது என்றால் இந்தத் தொடர்பைக் கண்ணால் காண வைப்பதுதான் பாடம் என்று நினைக்கிறேன். இப்போது நடப்பது பெரும்பாலும் வேறு. பேருந்திலிருந்து நூறு பிள்ளைகள் இறங்குவார்கள், "சத்தம் போடாதே" என்று கத்தும் ஆசிரியரின் குரல்தான் எல்லாவற்றையும் விடப் பெரிதாகக் கேட்கும், வரிசையாகக் கோபுரம் ஏறி இறங்குவார்கள், பலகையில் இருக்கும் பெயர்களை நோட்டில் எழுதுவார்கள், முறுக்கு தின்பார்கள், கிளம்பிவிடுவார்கள். பெயர் தெரிவது நல்லதுதான். ஆனால் பெயர்ப்பட்டியல் பாடம் ஆகாது.

அதற்குப் பதிலாக ஒரே ஒரு கூட்டை அரை மணி நேரம் பார்க்கச் சொல்லலாம். தாயோ தகப்பனோ வந்து இறங்கியதும் என்ன நடக்கிறது? நாரை கூட்டின் தரையில் கக்கும்; குஞ்சுகள் பொறுக்கித் தின்னும். கொக்குக் குஞ்சு பெற்றோரின் அலகையே குறுக்காகக் கவ்வி இழுக்கும். நீர்க்காகக் குஞ்சு தலையைப் பெற்றோரின் தொண்டைக்குள் விட்டு எடுத்துக்கொள்ளும். வெயில் ஏறினால் மஞ்சள்மூக்கு நாரை சூரியனுக்கு முதுகு காட்டி இறக்கையைப் பாதி விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடிக்கும். அதன் கால் வெள்ளையடித்ததுபோல் இருப்பதைப் பிள்ளைகள் கேட்டே தீருவார்கள். தன் காலிலேயே எச்சமிட்டுக்கொள்கிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது கால் ரத்தம் குளிர்கிறது. நாரைகளின் குளிரூட்டும் முறை அது. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அதே வெயிலில் வாயைத் திறந்து தொண்டைத் தோலைப் படபடவென்று துடிக்கவிடும். இதையெல்லாம் பார்த்த பிள்ளைக்கு 'பறவைகளை நேசிப்போம்' என்ற பலகை தேவைப்படாது.

இன்னொன்றையும் மறைக்காமல் காட்ட வேண்டும். பல கூடுகளில் குஞ்சுகள் ஒரே அளவில் இருக்காது. முதல் முட்டை இட்டவுடனேயே அடைகாக்கத் தொடங்குவதால் முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொரிகின்றன. கடைக்குட்டி மற்றதைவிடச் சில நாள் சின்னது. இரை தாராளமாக வந்தால் அதுவும் பிழைக்கும். குறைந்தால் முதலில் சாவது அதுதான். கேட்கக் கொடுமையாக இருக்கிறது. ஆனால் வரப்போகும் பருவம் நல்லதா கெட்டதா என்று முட்டையிடும்போது பறவைக்குத் தெரியாது அல்லவா? ஆகவே ஒரு கூட்டிலிருந்து எத்தனை குஞ்சு பறந்தது என்ற எண், சுற்றிலுமுள்ள வயலும் ஏரியும் அந்த வருஷம் எப்படி இருந்தன என்பதைச் சொல்லிவிடும். பூச்சிமருந்து கூடினாலும், குட்டைகளைத் தூர்த்தாலும், வரத்துக்கால்வாயில் ஆக்கிரமிப்பு வந்தாலும் அதன் தடம் கூட்டில் தெரியும். டி.டி.டி. போன்ற மருந்து மீன் வழியாகப் பறவை உடம்பில் சேர்ந்து முட்டை ஓட்டை மெலிதாக்குவது உலகெங்கும் மீன் தின்னும் பறவைகளில் கண்டறியப்பட்ட விஷயம்.

பத்திரிகைகளுக்குப் பிடித்த எண் இது அன்று. இத்தனை ஆயிரம் பறவைகள் வந்தன என்பதுதான். அந்த எண்ணை நம்பி மகிழ்வதில் ஒரு சிக்கல். சுற்றிலும் ஏரிகள் காய்ந்து ஒன்றிரண்டில் மட்டும் தண்ணீர் நின்றால் எல்லாப் பறவையும் அங்கே வந்து குவியும், எண்ணிக்கை எகிறும். அது வளத்தின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை, போக்கிடம் இல்லாததாகவும் இருக்கலாம். அதனால்தான் ஒரே சமயத்தில் பல இடங்களில் எண்ணுகிற கணக்கெடுப்புக்கு மதிப்பு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரி மாதங்களில் நடக்கிறது. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015இல் தொடங்கியது. வீட்டு மாடியிலிருந்தே பதினைந்து நிமிடம் எண்ணிப் பதிவு செய்யலாம். பள்ளிகள் இதை எடுத்துக்கொண்டால் வேடந்தாங்கலுக்கு ஒருமுறை சுற்றுலா போய்வருவதைவிட அதிகம் கற்கலாம். தமிழில் காட்டுயிர்களைப் பற்றி எழுதிய முன்னோடி மா. கிருஷ்ணன் வேடந்தாங்கலைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அவர் எழுத்தைப் படித்துவிட்டு வருகிற ஆசிரியர் மாணவர்களிடம் சைபீரியக் கதை சொல்ல மாட்டார்.

ஊர் முழுக்கச் சேர்ந்து பறவை காக்கும் இடம் வேடந்தாங்கல் ஒன்றுதான் என்றில்லை. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் வீட்டுக் கொல்லை மரத்திலேயே நாரை கூடு கட்டும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டியுள்ள கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறை இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறது. வெடிச் சத்தம் கேட்டுத் தாய்ப்பறவை எழுந்து பறந்தால் முட்டை வெயிலில் கிடக்கும், அந்த இடைவெளியில் காக்கை வந்துவிடும். சில நிமிடங்கள் போதும். கூட்டுக்குப் பக்கத்தில் டிரோன் பறக்கவிட்டுப் படம் எடுப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கோபுரத்தடியில் பறவைப் படங்களோடு ஒரு பெரிய வரைபடமும் வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். 5 கிலோமீட்டர் வட்டமும் அதற்கு வெளியே பறவைகள் போய்வரும் ஏரிகளும் அதில் இருக்கட்டும். காலையில் எந்தக் கூட்டம் எந்தத் திசையில் கிளம்பியது, எந்த வாரம் எந்த ஏரி வற்றியது, கரையிலிருந்து தெரியும் கூடுகளில் எத்தனை குஞ்சு தேறின என்பதைச் சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகள் பருவம் முழுக்க அதில் குறித்து வரலாம். செலவு அதிகம் இல்லை: ஒரு தொலைநோக்கி, ஒரு நோட்டு, ஊரிலிருந்து ஒரு பெரியவர். வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியவை கரிக்கிலி ஏரியும் மதுராந்தகம் ஏரியும். அப்புறம் யாரும் பெயர் எழுதி வைக்காத குட்டைகள்.